கூலிக்குப் பதில் கோப்பை

1970ஆம் ஆண்டு ஜூலை 31. பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களில் மாலுமிகள் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். சிலர் ரம்முக்கு இறுதி ஊர்வலமே நடத்தினார்கள். 17ஆம் நூற்றாண்டில் தொடங்கி, மாலுமிக்கு அரசாங்கமே அளந்து ஊற்றிக்கொடுத்துவந்த ரம் அன்றோடு நின்றுபோனது. கடைசிக் காலத்தில் அந்தப் படி ஒரு நாளைக்கு 71 மில்லிதான். ஆனால் சரக்கு காரமானது. டாஸ்மாக் ரம்மில் ஆல்கஹால் 42.8 சதவீதம் என்றால், கடற்படை ரம்மில் 54 சதவீதத்துக்கும் மேல். நண்பகலில் அதை விழுங்கிவிட்டுப் பிற்பகலில் நுணுக்கமான கருவிகளைக் கையாள்வது சரிப்படாது என்று கடற்படை நிர்வாகம் முடிவெடுத்தது; நாடாளுமன்றத்திலும் அது விவாதிக்கப்பட்டது.

வேலைத் தலத்திலிருந்து மதுவை வெளியேற்றிய கதைகள் இன்னும் உண்டு. கூலியை மதுக்கடையில் வைத்துக் கொடுக்கக் கூடாது என்று பிரிட்டனில் 1883லேயே தனிச் சட்டம் வந்தது. வாங்கிய கூலி அங்கேயே கரைந்துபோனதுதான் காரணம். தென்னாப்பிரிக்காவின் திராட்சைத் தோட்டங்களில் கூலியின் ஒரு பகுதியை மலிவு ஒயினாக ஊற்றிக்கொடுக்கும் வழக்கம் இருந்தது. 1960களிலேயே சட்டம் தடுத்தும் அது பல பத்தாண்டுகள் ஒளிந்து நடந்தது. கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் விகிதத்தில் அந்த வட்டாரம் உலகிலேயே மிக மோசமான இடங்களில் ஒன்றாக இன்றும் இருக்கிறது. இந்தியாவின் 1936ஆம் ஆண்டு ஊதியச் சட்டமும் கூலியை நாணயமாகவோ நோட்டாகவோ கொடு என்று சொன்னது.

இத்தனை சட்டங்களுக்கும் தப்பி நிற்கிற தொழில் ஒன்று உண்டு. அது மேடையில் பாடுவதும் வாசிப்பதும்.

லண்டன், நியூயார்க், பெர்லின், பெங்களூரு என்று எந்த ஊராகவும் இருக்கட்டும். மதுக்கூடத்தில் வாசிக்க வரும் நால்வர் குழுவின் ஒரு நாள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். மாலை ஐந்து மணிக்கு வேனிலிருந்து சாமான் இறக்குவார்கள். ஆறரைக்கு சவுண்ட் செக். ஏழரைக்கு அது முடிந்துவிடும். இவர்கள் மேடையேறுவதோ பத்தரைக்கு. நடுவிலுள்ள மூன்று மணி நேரத்தை எங்கே கழிப்பது? மேடைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறை. கிழிந்த சோபா, சுவரெல்லாம் முன்பு வந்துபோன குழுக்களின் கிறுக்கல், மூலையில் ஐஸ் பெட்டி, அது நிறைய பீர். சாப்பாடு கிடைத்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் ஆளுக்கு நாலு டோக்கன் கொடுத்து முன்னால் இருக்கும் பாருக்கு அனுப்பிவிடுவார்கள். நள்ளிரவுக்குப் பிறகு கணக்குப் பார்க்கும்போது பணம் பேசியதைவிடக் கொஞ்சம் குறையும். “பீர் எல்லாம் ஃப்ரீயாத்தானே குடுத்தோம்” என்று ஒரு பேச்சும் வரும்.

பெரிய குழுக்களுக்கு இதுவே ஒப்பந்தத்தில் ஏறிவிடுகிறது. வான் ஹேலன் குழு 1982 சுற்றுப்பயண ஒப்பந்தத்தில், கிண்ணத்தில் வைக்கும் மிட்டாயில் பழுப்பு நிறத்தது ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று எழுதியிருந்தது உலகப் புகழ் பெற்ற செய்தி. அமைப்பாளர்கள் ஒப்பந்தத்தை முழுதாகப் படித்தார்களா என்று சோதிக்கவே அந்த வரி என்று அவர்கள் பின்னால் விளக்கினார்கள். அதே காகிதத்தில் பீரும் விஸ்கியும் வோட்காவும் பட்டியலிடப்பட்டிருந்ததைப் பற்றி யாரும் விளக்கம் கேட்கவில்லை. மேடைக்குப் பின்னால் அவை இருப்பது நாற்காலி மேசை இருப்பதுபோல ஆகிவிட்டது.

ஒரு மருத்துவர் அறுவை அரங்கில் குடித்தால் உரிமம் போகும். பேருந்து ஓட்டுநர் குடித்தால் வேலை போகும். பாடகர் மேடையில் குடித்தால் கைதட்டுகிறார்கள். குடியால் அழிந்த இசைக் கலைஞர்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் அது அவரவர் பலவீனம், மேதைமையின் மறுபக்கம் என்றுதான் எழுதுகிறார்கள். மேதைமையை விட்டுவிட்டு வேலைத் தலத்தைப் பார்ப்பது நல்லது. ஊற்றிக்கொடுத்தது யார், எதற்காக என்ற கேள்வி அப்போதுதான் எழும்.

லெட் செப்பலின் குழுவின் டிரம்மர் ஜான் பான்ஹம் இறந்ததைச் சொல்லும்போது 40 என்ற எண் தவறாமல் வரும். கடைசி ஒரு நாளுக்குள் ஏறத்தாழ 40 அளவு வோட்கா குடித்திருந்தார் என்று விசாரணையில் தெரியவந்தது. அவருக்கு வயது 32. அவர் குடித்த இடத்தைத்தான் யாரும் கவனிப்பதில்லை. 1980 செப்டம்பர் 24, அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கான ஒத்திகை நாள். ஒத்திகைக்குப் போகிற வழியில், காலை உணவோடு தொடங்கியவர் ஒத்திகை நடக்கும்போதும் நிறுத்தவில்லை. இரவு குழுவின் கிதார் கலைஞர் ஜிம்மி பேஜ் வீட்டில் படுக்க வைத்தார்கள், மறுநாள் எழுந்திருக்கவில்லை. பகல் முழுக்க அவர் வேலையில் இருந்தார், உடன் வேலை செய்பவர்கள் சுற்றி இருந்தார்கள். வேறெந்தத் தொழிலிலும் இதை வேலைத் தல மரணம் என்று சொல்லி முதலாளியைக் கூண்டில் ஏற்றியிருப்பார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில்தான் ஏசி/டிசி குழுவின் பாடகர் பான் ஸ்காட், ஓர் இரவுக் குடிக்குப் பிறகு லண்டனில் ஒரு காருக்குள் இறந்து கிடந்தார். அவருக்கு வயது 33.

குடித்தால்தான் பாட்டு வரும் என்ற நம்பிக்கை ராக் இசைக்காரர்களுக்கு மட்டும் உரியதல்ல. இந்தியாவில் அதற்கு மிகப் பெரிய சாட்சி கே.எல். சைகல். தமிழ்ப் பாட்டும் பாடியிருக்கும் அந்த மாமேதை, ஒலிப்பதிவுக்கு முன்னால் குடிக்காமல் தன்னால் பாடவே முடியாது என்று நம்பினார். 1946இல் வெளிவந்த ‘ஷாஜஹான்’ படத்தின் பாடல் பதிவின்போது இசையமைப்பாளர் நௌஷாத் ஒரு யோசனை சொன்னார். முதலில் குடிக்காமல் ஒருமுறை பாடுங்கள், அப்புறம் உங்கள் விருப்பப்படி குடித்துவிட்டும் பாடுங்கள், இரண்டையும் கேட்டுவிட்டு முடிவுசெய்யலாம். அப்படியே இரண்டு முறையும் பதிவானது. இரண்டையும் போட்டுக் கேட்ட சைகல் தேர்ந்தெடுத்தது குடிக்காமல் பாடியதை. இதை இத்தனை காலம் யாரும் தன்னிடம் சொல்லவில்லையே என்று அவர் வருந்தியதாக நௌஷாத் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். 1947 ஜனவரி 18இல், 42 வயதில், சைகல் இறந்துவிட்டார்.

அந்தக் கதை நெஞ்சைத் தொடுவது ஒருபுறம் இருக்கட்டும். அதில் ஒரு நுட்பமான சோதனையும் இருக்கிறது. குடித்தபோது தன் பாட்டு எப்படி இருந்தது என்பது குடித்தவருக்கு அந்த நேரத்தில் தெரியாது. நிதானமான காதோடு பிறகு கேட்டால்தான் தெரியும். மது விரலையும் குரலையும் தாளத்தையும் தளர்த்துவது எல்லோருக்கும் தெரிந்ததே. அவற்றுக்கு முன்பே அது பதம்பார்ப்பது, தன் வேலையைத் தானே எடைபோடும் திறனை. லண்டன் மருத்துவர்கள் 2007இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, மது காதையும் தற்காலிகமாக மந்தமாக்குகிறது என்று காட்டியது. தாழ்ந்த சுருதி ஒலிகளில் அந்த மந்தம் கூடுதல். மேடையில் இருப்பவருக்கு இதன் பொருள் என்ன? எதிரே இருக்கும் மானிட்டரை இன்னும் கொஞ்சம் ஏற்று, இன்னும் கொஞ்சம் ஏற்று என்று கையைக் காட்டிக்கொண்டே இருப்பார். காது மேலும் கெடும். வாசிப்பு பிரமாதமாகப் போகிறது என்ற எண்ணம் மட்டும் கெடாது.

பிரிட்டிஷ் கிதார் கலைஞர் எரிக் கிளாப்டன் 2007இல் எழுதிய சுயசரிதையில் ஒரு கச்சேரியை நினைவுகூர்கிறார். நிற்க முடியாத போதையில் மேடையிலேயே படுத்துக்கொண்டார். மைக் கம்பியும் பக்கத்தில் படுத்துக் கிடந்தது. கச்சேரி முழுவதையும் அப்படியே முடித்தார். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று அவர் எழுதுவதுதான் திடுக்கிட வைக்கிறது. அரங்கத்தார் கவலைப்படவில்லை, நிர்வாகிகள் கவலைப்படவில்லை, ரசிகர்களும் கவலைப்படவில்லை. டிக்கெட் விற்றாகிவிட்டது. 1976 ஆகஸ்டில் பர்மிங்ஹாமில் அதே கிளாப்டன் குடிபோதையில், குடியேறி வந்தவர்களை இழிவாகப் பேசி மேடையிலேயே வெறுப்பைக் கொட்டினார். அதற்கு எதிர்வினையாகத்தான் பிரிட்டனில் இனவெறிக்கு எதிரான ராக் இசை இயக்கம் பிறந்தது. போதை அவர் பேச்சுக்கு மன்னிப்பாகிவிடாது. ஆனால் அந்த நிலையில் ஒருவரை மேடையேற்றி ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்தவர்கள் இருக்கிறார்களே, அவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ரசிகர்களுக்கும் இதில் பங்கு உண்டு. மினியாபொலிஸ் நகரத்தின் ‘ரீப்ளேஸ்மென்ட்ஸ்’ குழு 1980களில் அமெரிக்காவின் மிகச் சிறந்த பாடல்கள் சிலவற்றைத் தந்தது. ஆனால் கூட்டத்தில் ஒரு பகுதி பாட்டுக்காக வரவில்லை. இன்றைக்கு எந்தப் பாட்டில் கவிழ்வார்கள் என்று பார்க்க வந்தது. 1984இல் ஓக்லஹோமா நகரத்தில் நடந்த அப்படி ஒரு தள்ளாட்டக் கச்சேரியை ஒரு ரசிகர் திருட்டுத்தனமாகப் பதிவுசெய்ய, குழுவின் ஆள் அதைப் பிடுங்கிக்கொண்டார். அடுத்த ஆண்டு அதுவே கேசட்டாக விற்பனைக்கு வந்தது. 1986 ஜனவரியில் தேசியத் தொலைக்காட்சியின் ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சியில் போதையோடு ஏறினார்கள். அந்தக் குழுவை அந்த நிகழ்ச்சி அதற்குப் பிறகு அழைக்கவில்லை. கிதார் கலைஞர் பாப் ஸ்டின்சன் அதே ஆண்டு குழுவிலிருந்து நீக்கப்பட்டார். 1995இல், 35 வயதில், இறந்தார். தள்ளாட்டம் அவர்களுடைய அடையாளம் என்று பத்திரிகைகள் ரசித்து ரசித்து எழுதின. அந்த அடையாளத்தைத் தூக்கிச் சுமந்தவர்களின் ஈரல் எழுதியவர்களுடையது அல்ல.

வேடிக்கை என்னவென்றால், இந்த வியாபாரத்தை நன்றாகப் புரிந்துகொண்டவர் அமெரிக்கப் பாடகர் டீன் மார்ட்டின். கையில் கிளாஸ், சற்றே குழறும் பேச்சு, கண்ணில் ஒரு மயக்கம் என்று லாஸ் வேகாஸ் மேடைகளில் குடிகாரராகவே வலம்வந்தவர் அவர். கிளாஸில் இருந்தது பெரும்பாலும் ஆப்பிள் ஜூஸ் என்று அவருடைய மகளே சொல்லியிருக்கிறார். கூட்டத்துக்கு வேண்டியது குடிகாரனின் தோற்றம். அதை அவர் விற்றார், உடம்பை விற்கவில்லை. எல்லோருக்கும் அந்தச் சாமர்த்தியம் வாய்க்கவில்லை.

பாடகி ஏமி வைன்ஹவுஸுக்கு வாய்க்கவில்லை. 2011 மே மாதக் கடைசியில் லண்டனில் ஒரு சிகிச்சை மையத்திலிருந்து வெளிவந்தார். சுற்றுப்பயணத்துக்கு ஒப்பந்தம் போட்டாகிவிட்டது. ஜூன் 18இல் பெல்கிரேடின் கலேமெக்தான் கோட்டையில் ஏறத்தாழ 20,000 பேர் முன்னால் நிறுத்தப்பட்டார். பாட்டின் வரிகள் மறந்தன, செருப்பைக் கழற்றினார், கைகளால் தன்னையே கட்டிக்கொண்டு நின்றார், பின்னணிக் குழுவினர் சமாளிக்கப் பார்த்தார்கள். கூட்டம் ஊளையிட்டது. அந்தக் காணொளி மறுநாளே உலகம் முழுக்கப் பரவியது. பயணத்தின் மீதிக் கச்சேரிகள் ரத்தாயின. ஐந்து வாரம் கழித்து, ஜூலை 23இல், அவர் வீட்டில் இறந்து கிடந்தார். வயது 27. அவருடைய 100 மில்லி ரத்தத்தில் 416 மில்லிகிராம் ஆல்கஹால் இருந்தது. இங்கிலாந்தில் வண்டி ஓட்டுவதற்கான உச்ச வரம்பு 80.

அந்த 80 என்ற எண் யோசிக்க வைக்கிறது. கார் ஓட்டுநருக்கு வரம்பு வைத்த சமூகம், சிகிச்சை மையத்திலிருந்து வந்து மூன்று வாரம் ஆகாத ஒரு பெண்ணை மேடையேற்றலாமா என்று சொல்ல ஒரு மருத்துவரைக்கூட வைக்கவில்லை. காலில் அடிபட்ட கால்பந்து வீரரை மருத்துவர் சரிபார்க்காமல் எந்தக் கிளப்பும் களத்தில் இறக்காது. அவர் கால்களுக்கு விலை இருக்கிறது, காப்பீடு இருக்கிறது. பாடகியின் நிதானத்துக்கு இரண்டும் இல்லை.

அப்படியானால் மேடையேறும் முன் எல்லோரையும் ஊதச் சொல்லலாமா? கூடாது. கலைஞரைக் கண்காணிக்கும் சட்டம் எப்படி முடியும் என்று நியூயார்க் நகரம் ஏற்கெனவே காட்டிவிட்டது. 1940 முதல் 1967 வரை அந்த நகரத்தில் மது பரிமாறும் இடங்களில் பாடவோ வாசிக்கவோ வேண்டுமானால் காவல் துறையிடம் ‘காபரே அட்டை’ வாங்க வேண்டும். வழக்கில் தண்டனை பெற்றவர்களுக்கு அட்டை கிடையாது. ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே 1947இல் போதைப்பொருள் வழக்கில் சிறை சென்றார். வெளியே வந்தபோது அட்டை போய்விட்டது. 1948 மார்ச்சில் கார்னகி அரங்கத்தில் கூட்டம் நிரம்பி வழியப் பாடிய அதே பெண், அடுத்த தெருவில் ஒரு சின்ன பாரில் பாட முடியாது. பியானோ மேதை தெலோனியஸ் மங்க் 1951இல் அட்டையை இழந்து ஆறு ஆண்டுகள் நியூயார்க் கிளப்புகளில் வாசிக்க முடியாமல் இருந்தார். ஊற்றி விற்ற கடைகளோ அத்தனை ஆண்டும் கல்லா நிரப்பின. பில்லி ஹாலிடே 1959இல் 44 வயதில் ஈரல் சுருக்க நோயோடு இறந்தார். அட்டை முறையால் அவரைப் போதையிலிருந்து காப்பாற்ற முடியவில்லை. பிழைப்பைப் பறிக்க மட்டும் முடிந்தது.

மேடை பயம் என்ற உண்மையையும் சொல்லியாக வேண்டும். மைக்கின் முன்னால் கை நடுங்குவதும் தொண்டை வறள்வதும் பொய்யல்ல. ஒரு பெக் அந்த நடுக்கத்தை அடக்குகிறது என்பதும் பொய்யல்ல. அதனால்தான் அது பழக்கமாகிறது. செவ்வியல் இசை உலகத்திலும் இந்தப் பயம் உண்டு. அமெரிக்க சிம்பொனி இசைக் குழுக்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் 1987இல் எடுத்த கணிப்பில் 27 சதவீதம் பேர் படபடப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிட்டிருந்தார்கள். பிரிட்டனில் 2016இல் 2,200க்கும் மேற்பட்ட இசைத் துறையினரிடம் கேட்டபோது 71 சதவீதம் பேர் பதற்றத்தையோ பீதித் தாக்குதலையோ அனுபவித்ததாகச் சொன்னார்கள். பயம் தொழிலோடு வருவது. அதற்கு மருந்து எது என்பது வேலைத் தலத்தில் எது இலவசமாகக் கிடைக்கிறது என்பதைப் பொறுத்திருக்கிறது. சிம்பொனிக்காரர் மருத்துவரிடம் போகிறார். பார் மேடைக்காரருக்கு ஐஸ் பெட்டி பக்கத்திலேயே இருக்கிறது.

குடியை விட்டால் வாசிப்பு வற்றிப்போகும் என்ற பயமும் அப்படித்தான். ப்ளூஸ் கிதார் கலைஞர் ஸ்டீவி ரே வான் விஸ்கியில் கொக்கைன் கலந்து குடித்த மனிதர். 1986 இலையுதிர்காலத்தில் ஐரோப்பியப் பயணத்தின் நடுவே ஜெர்மனியில் உடல் கைவிட்டது. சிகிச்சைக்குப் போனார், நிறுத்தினார். நிதானத்தில் அவர் உருவாக்கிய ‘இன் ஸ்டெப்’ 1989இல் வெளிவந்து கிராமி விருது பெற்றது. ப்ளூஸ் ரசிகர்களில் பலர் அவருடைய கடைசி இரண்டு ஆண்டு வாசிப்பையே உச்சம் என்கிறார்கள். 1990 ஆகஸ்டில் ஒரு கச்சேரி முடிந்து திரும்பும்போது ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். அன்று அதே மேடையில் வாசித்தவர்களில் கிளாப்டனும் ஒருவர். அவரும் 1987இலிருந்து குடிக்காதவர். 1998இல் ஆன்டிகுவா தீவில் ஒரு சிகிச்சை மையம் தொடங்கி, அதற்குப் பணம் சேர்க்க அடுத்த ஆண்டே தன் கிதார்கள் நூறை ஏலம் விட்டார்.

இவர்கள் திரும்பி வந்தபோது மேடைக்குப் பின்னால் அதே ஐஸ் பெட்டிதான் இருந்தது. அதை மாற்றும் முயற்சிகள் சின்ன அளவில் நடக்கின்றன. கிராமி அமைப்பின் கிளையான மியூசிகேர்ஸ், பெரிய நிகழ்ச்சிகளில் மேடைக்குப் பின்னால் குடியை விட்டவர்கள் ஒதுங்கி உட்கார ஓர் அறை வைக்கிறது. கிரேட்ஃபுல் டெட் குழுவின் ரசிகர்களில் குடியை விட்டவர்கள், இடைவேளையில் மஞ்சள் பலூன் கட்டிய மேசையருகே கூடுவது 1980களிலிருந்து நடக்கிறது. வாஷிங்டன் நகரத்தின் ஃபுகாசி குழு இன்னும் ஒரு படி மேலே போனது. அவர்களுடைய கச்சேரிக்கு எந்த வயதினரும் வரலாம்; டிக்கெட் பெரும்பாலும் ஐந்து டாலர். தேவாலயத்தின் கீழ்த்தளம், சமூகக் கூடம் என்று பார் இல்லாத இடங்களைத் தேடித் தேடி வாசித்தார்கள். மது விற்பனையில் சாய்ந்து நிற்காத கச்சேரியும் நடக்கும் என்று அவர்கள் பல ஆண்டுகள் நடத்திக் காட்டினார்கள்.

எல்லா இடத்திலும் அது முடியாது என்பார்கள் அரங்கக்காரர்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. பிரிட்டனின் சிறிய இசைக்கூடங்களைப் பற்றி மியூசிக் வென்யூ டிரஸ்ட் வெளியிட்ட 2023ஆம் ஆண்டு அறிக்கையின்படி, அவற்றின் சராசரி லாபம் வெறும் 0.5 சதவீதம். அந்த ஒரே ஆண்டில் 125 கூடங்கள் இசையைக் கைவிட்டன. கச்சேரியில் வரும் நஷ்டத்தை பீர் விற்பனைதான் ஈடுகட்டுகிறது. பாரை மூடு என்றால் மேடையும் மூடிக்கொள்ளும். ஆனால் ரசிகருக்கு விற்பது வேறு, கலைஞருக்கு ஊற்றுவது வேறு. கலைஞருக்குக் கொடுக்கும் டோக்கனில் கடைக்கு ஆகும் செலவு கொள்முதல் விலை. கணக்குப் பேசும்போது சொல்வது மெனு விலை. நடுவிலிருக்கும் வித்தியாசம் வாசித்தவரின் கூலியிலிருந்து போகிறது. அந்தக் கொள்முதல் விலையைப் பணமாகக் கொடுத்து, சுடச்சுட ஒரு சாப்பாடும், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார ஓர் அறையும் தருவதால் எந்தக் கூடமும் திவாலாகாது. குடிக்க விரும்புகிறவர் தன் காசில் வாங்கிக் குடிக்கட்டும். ஒரு பீர் குடித்துவிட்டு அழகாக வாசிக்கிறவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அது அவர்கள் பாடு.

தமிழ்நாட்டில் இந்தக் கூலி முறைக்கு இன்னும் பழைய வடிவம் உண்டு. கிராமத்து இழவு வீட்டில் காலையிலேயே பறை வந்துவிடும். வைக்கோல் தீயில் தோலைக் காய்ச்சி முறுக்கேற்றி அடிக்கத் தொடங்கினால், வெளியூர் உறவுகள் வந்து சேர்ந்து, சடங்கு முடிந்து, பாடை சுடுகாடு சேரும் வரை அடி நிற்கக் கூடாது. வெயில், பட்டினி, புழுதி. நடுநடுவே யாராவது வந்து தோளைத் தட்டிச் சரக்கு கொடுப்பார்கள். முன்பு சாராயம், இப்போது குவார்ட்டர். பேசிய கூலியில் அதுவும் சேர்த்தி. சாதியால் தலையில் கட்டப்பட்ட தொழில், அந்தத் தொழிலைத் தாங்குவதற்குப் போதை, பிறகு “குடிச்சுட்டு அடிக்கிறவனுங்க” என்ற பட்டம்: மூன்றையும் ஒரே ஊர்தான் கொடுக்கிறது.

இந்த வளையத்தை உடைத்தவர்கள் பறைக் கலைஞர்களேதான். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையைத் தூக்கியபோது, யார் அடிப்பது, எங்கே அடிப்பது, எந்த நிலையில் அடிப்பது என்ற எல்லாமே மாறியது. அடவு கற்றுத்தரும் குழுக்கள் பலவற்றில் இன்று குடித்துவிட்டு வருகிறவருக்குப் பறை கொடுப்பதில்லை. இது ஒழுக்கப் பாடமாக மட்டும் வந்ததல்ல. கலைக்கு என்ன விலை, அதை எதில் கொடுப்பது என்ற பேரமாகவும் வந்தது. ஊரார் இதற்குச் சொல்லும் பதில் ஒன்று உண்டு: அது கூலி இல்லை, ஆட்டக்காரருக்குப் பிரியமாகச் செய்கிற மரியாதை. மார்கழியில் சென்னை சபா மேடைகளில் ஏறும் பாடகரின் பக்கத்தில் ஒரு ஃப்ளாஸ்க் இருக்கும். உள்ளே வெந்நீரோ சூடான பாலோ. எந்தச் செயலாளரும் பிரியத்தின் பேரில் அங்கே ஒரு குவார்ட்டர் கொண்டுவந்து வைத்ததில்லை. பேசிய தொகையிலிருந்து அதைக் கழித்துக்கொண்டதும் இல்லை.